கிணற்றடியில் சொன்னது

தஸ்தகீர் ஹஜ்ரத் திருத்தணி மதரஸாவுக்கு ஆசிரியராக வரும்வரை, அங்கே தங்கிப் படித்த பிள்ளைகளுக்குப் பிரம்பு ஒன்றுதான் பதில் சொல்லும். ஊர் ஆந்திராவிலா மெட்ராஸிலா என்று கடைத்தெருவே சண்டை பிடித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஹஜ்ரத் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். மாலை அசர் தொழுகை முடிந்ததும் தினம் ஒரு பையன் அவரோடு கிணற்றடியில் துணி துவைக்க வேண்டும். துவைத்துக்கொண்டே மனதில் இருப்பதைச் சொல்லலாம். சொன்னது அமானிதம், வெளியே போகாது.

"தொணி தொவைக்கிறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?" என்பார் மதரஸாவை நிர்வகிக்கும் முத்தவல்லி பீரான் சாயபு. பிள்ளைகளைச் சேர்ப்பதும் அனுப்புவதும் அவர் கையில்.

"உங்க ஜிப்பாவயும் குடுங்க சாயபு."

அந்தக் கிணற்றடியில்தான் அங்கே தங்கிப் படித்த கவுஸ் சொன்னான். தகப்பன் இல்லாத யத்தீம் பிள்ளைகளுக்கு மட்டுமே இலவசச் சாப்பாடு. அதனால் அத்தா மவுத்தாகிவிட்டார் என்று சொல்லச்சொல்லி, அத்தாவே அவனைக் கொண்டுவந்து சேர்த்தார். வெள்ளிக்கிழமைகளில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்துபோகும் மாமா அவர்தான். ஹஜ்ரத் துவைத்த துணியையே மறுபடி துவைத்தார். ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை.

மாசியில் ஒரு காலை கவுஸின் அம்மா மதரஸா வாசலில் வந்து நின்றாள். அரக்கோணம் ரயில் யார்டில் வேகன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு புருஷன் செத்துப்போய்விட்டான்.

"அவன் அத்தா எப்பவோ மவுத்து ஆயிட்டாரேம்மா," என்றார் முத்தவல்லி. "எத்தினி தடவ மவுத்தாவாரு?"

"அது பொய்ங்க. மாமான்னு வந்துகினு இருந்தாரே, அவருதாங்க."

முத்தவல்லி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். போன வெள்ளிக்கிழமைதான் அந்த மனுஷனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா ஹஜ்ரத்?"

"ஆங், தெரியும்."

"இப்ப நெஜமாவே யத்தீமுங்க," என்றாள் அவள். "வெச்சிக்குவீங்களா?"

முத்தவல்லி கவுஸைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

கவுஸ் அழவில்லை. அத்தாவின் மய்யித்தைப் பார்க்க வரமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டான். ஹஜ்ரத் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நான் சொன்னேன் ஹஜ்ரத். செத்துட்டாருன்னு நான் சொல்லிச்சொல்லித்தான் செத்துட்டாரு."

பையன் எதைச் சுமந்துகொண்டிருந்தான் என்பதைக் கிணற்றடியில்கூட ஹஜ்ரத் கேட்டதில்லை.

"அத்தா நல்லாருக்கணும்னு துஆ கேட்டியா?"

"தெனம்."

"அது எத்தினி தடவ இருக்கும்? உன் வாய்க்கு அந்த சக்தி இருந்தா அவரு இப்ப வேர்க்கடலையோட வந்திருக்கணுமே. மவுத்து அல்லா கையில இருக்கு. உன் வாயில இல்லடா."

பையன் தூணை விட்டான்.

அரக்கோணம் பாசஞ்சரில் அம்மாவோடு கவுஸும் ஹஜ்ரத்தும் போனார்கள். முகம் பார்க்கத் துணியை விலக்கியபோது, யார் இந்தப் பையன் என்று யாரோ கேட்டார்கள். மாமா என்றே சொல்லிவந்த பழக்கத்தில் கவுஸ் ஹஜ்ரத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து, வீட்டை விட்டு வந்தபின் முதல் தடவையாக, பிறர் காதுபட அத்தா என்று கூப்பிட்டான்.