காய்ச்சல் நாளில் நிறுத்திய மருந்து

டாக்டர் விசாலாட்சி காலமானார் என்ற செய்தி, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நான் வெள்ளரிப்பிஞ்சுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அலைபேசியில் வந்தது. அதே ஊரில் அவர் நடத்திய குழந்தைகள் மருத்துவமனையில் நெடுங்காலம் நர்ஸாக இருந்தவள் நான். அவரிடம் திட்டு வாங்காதவர் எங்களில் யாருமில்லை. அதனால் அவரைச் சாந்த சொரூபியாக்கி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்களில் ஒரு காலை. மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு வண்டியும் நகரவில்லை. அன்றுதான் வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் செல்வியைக் கொண்டுவந்தார்கள். மூன்று வயதுக் குழந்தை. காய்ச்சல், வாந்தி, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. உடம்பெல்லாம் புளித்த வியர்வை நாற்றம்.

அவளுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. சாப்பிடும் புரதம் முழுதாகச் சிதையாமல், பாதியில் அமிலமாகி இரத்தத்தில் தேங்கும். சென்னையில் அதைக் கண்டுபிடித்து, கார்னிட்டின் என்ற திரவ மருந்தைக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த அமிலத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்ற அது உதவும். நம் ஊர்க் கடைகளில் கிடையாது. டாக்டர்தான் பஸ்ஸில் வரவழைத்துக் கொடுப்பார்.

குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு, “கார்னிட்டின் குடுத்தியாம்மா?” என்று தாய் பொன்னியிடம் கேட்டார்.

“இல்லீங்க. காய்ச்சல் வந்ததுமே நிறுத்திட்டேங்க. காய்ச்சலோட டானிக் குடுத்தா ஆவாதில்லீங்களா? கஞ்சிகூட குடுக்கல. வவுத்தக் காயப் போட்டேங்க.”

பட்டினி கிடந்தால் உடம்பு தன் சதையையே கரைக்கும். சதையும் புரதம்தான்; இந்தக் குழந்தைக்கு அது விஷம். காய்ச்சல் நாளில்தான் அந்த மருந்து அதிகம் தேவை. பக்கத்துக் கட்டில்காரி, “பெத்தவளாடி நீ?” என்று ஆரம்பித்தாள். டாக்டர் போட்ட அதட்டலில் வார்டே அடங்கியது.

“அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. சுலபமா புரியட்டும்னு நான்தான் டானிக்னு சொன்னேன். தப்பு என்னுது.” பிறகு பொன்னியிடம், “பாட்டில்ல மிச்சம் இருக்கா?” என்றார்.

“நெறைய கீதுங்க. வூட்டுல பரண் மேல வச்சிருக்கேங்க.”

எங்கள் கையிருப்பில் ஒரு பாட்டில்கூட இல்லை. நல்லவேளை, மலைப்பாதையில் மறியல் இல்லை. தகப்பன் அதே ஜீப்பில் திரும்ப ஏறிப் போனார். இடையில் குழந்தைக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. பாண்டிச்சேரிக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். “எந்த ரோட்டுல அனுப்புவ?” என்றார் டாக்டர். அந்தக் கட்டிலை விட்டு அவர் அசையவே இல்லை.

பாட்டில் வந்ததும் மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தோம். உடனே மாயம் எதுவும் நடந்துவிடவில்லை. மறுநாள் மதியம்தான் செல்வி கண் விழித்து, ஊசி குத்திய கையைப் பார்த்து அழுதாள். காலில் விழப்போன பொன்னியை டாக்டர் பிடித்து நிறுத்தினார்.

“இது என்ன மருந்து, எப்ப நிறுத்தலாம்? நீ சொல்லு.”

“அமிலத்த வெளிய தள்ற மருந்துங்க. காய்ச்சல் வந்தா நிறுத்தவே கூடாதுங்க. பட்டினியும் போடக் கூடாதுங்க.” சொல்லி முடிப்பதற்குள் அவள் தேம்பினாள். டாக்டரும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

இப்போது நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலும், ஏதாவது தவறு செய்துவிட்டு ஒரு தாய் என் முன்னால் வந்து நிற்கும்போது, வசவு நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. விழுங்கிக்கொண்டு, “நாங்க உனக்கு இன்னான்னு சொல்லி அனுப்பிச்சோம்?” என்று கேட்கிறேன். டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, தப்பை முதலில் எங்கள் பக்கம் தேடும் அந்தப் பழக்கத்தைத்தான்.