சாமி விளக்கை மறந்த மாலை

அன்று லகாட் ஊரில் உள்ள எங்கள் கோழிக் கொட்டகையில் அப்பாவும் நானும்தான் இருந்தோம். அம்மா தெலுக் இந்தான் போயிருந்தார். கோழி ராத்திரியும் தீனி தின்னட்டும் என்று விடிய விடிய குண்டு பல்பு எரிப்பது அப்பாவின் பழக்கம். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி போனவன் நான். எல்.இ.டி. மாட்டி, ஆறு மணி நேரம் இருட்டும் கொடுத்தால் கோழிக்குக் கால் உறுதியாகும், கரண்டும் மிச்சம் என்று சொல்லி அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன்.

இருட்டியதும் எல்லா விளக்கையும் ஒரேயடியாக அணைத்தேன். மூலையில் முனியாண்டி படத்துக்கு எரியும் சிவப்பு விளக்கை மறந்துவிட்டேன். இருட்டே பார்த்திராத நாலாயிரம் கோழிகளும் அந்த வெளிச்சத்தை நோக்கி ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"டேய், லைட்டப் போடுடா! நசுங்கிச் சாவுது!" என்று அப்பா கத்தினார்.

விளக்கைப் போட்டுவிட்டு, இருவருமாகக் கோழிகளைப் பிரித்துவிட்டோம். "பழையபடியே எரியட்டும்பா," என்றேன்.

"ஒரே நாள்ல விட்டுட்டு ஓடவா படிச்ச? எங்க தப்பு நடந்துச்சுன்னு பாருலா."

இப்போது சாமி படம் கொட்டகைக்கு வெளியே, வாசலில். விளக்கை டிம்மர் வைத்து அரை மணி நேரம் மெல்லக் குறைக்கிறேன்; கோழிகள் தாமாகவே படுத்துக்கொள்கின்றன. கரண்டு பில் பாதியானது. வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "என் மகன் செஞ்சது," என்கிறார்.

எங்களுக்கு ஆன செலவு: பதினொரு கோழி, டிம்மருக்கு இருநூற்று நாற்பது வெள்ளி.