காக்கை தொடாத சுரைக்காய்க் கூட்டு

என் கணவரின் அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே விவசாயி ஆகிவிட்டார். பென்னாகரம் போகும் சாலையில் அரை ஏக்கர், நாலு மூட்டை எரு, நாள் முழுக்கக் கைபேசியில் வீடியோ. மண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றாகிவிட்டது. குடும்பத்தில் எல்லாரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு பை காயும் இரண்டு பை அறிவுரையும் கொண்டுவருவார். நான் சந்தையில் வாங்கி வைத்திருக்கும் கத்தரிக்காயை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இதத் தின்னுட்டா இத்தன நாளா உசுரோட இருக்கீங்க?" என்று கேட்பார். நான் சிரித்து வைப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்க முடியும் என்று கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

விதையைக் கடையில் வாங்குவது அவருக்குப் பாவம். வேலியோரம் தானாக முளைத்த ஒரு சுரைக்கொடியிலிருந்து விதை எடுத்து, அதுதான் அசல் நாட்டு விதை என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இடையில் சுக்கினி என்று வெள்ளரி மாதிரி ஒரு சீமைக்காயும் போட்டார். அது லேசாகக் கசந்தது. சீமைக்காய் அப்படித்தான் இருக்கும்போல என்று நாங்களும் மரியாதையாக விழுங்கினோம். நல்ல சுக்கினி எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில்தான் மாமனாருக்குப் படையல். சுரைக்காய்க் கூட்டு என்றால் அவருக்கு உயிர். பெரியவர் தன் தோட்டத்துக் காய் இரண்டைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, மனைவியோடு காலையிலேயே வந்து இறங்கினார். அந்த அம்மாளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மழை இல்லாமல் வாடிய கொடியின் காய்கள். சிறுத்து, கழுத்து சூம்பிப்போய் இருந்தன. "நாட்டுக்காயி இப்டித்தான் இருக்கும்" என்றார்.

சாதாரண நாளில் சுரைக்காயோ வெள்ளரியோ, நறுக்கும்போதே ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். படையல் சமையலில் அது முடியாது. செத்தவர் வாய் வைப்பதற்கு முன் சமைக்கிறவள் வாய் வைத்தால் பெரிய குற்றம், உப்புக்கூடக் கைக்கணக்குதான். எனக்கு அவ்வளவு பக்தி ஒன்றும் கிடையாது. அடுப்படி வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு பெரியவர் உட்கார்ந்திருந்தார், அதுதான் காரணம்.

படைத்து முடித்து, சோற்றில் கூட்டை நிறைய ஊற்றிப் பிசைந்து மொட்டைமாடிச் சுவரில் வைத்தோம். காக்கை தின்றால்தான் எங்களுக்குச் சோறு. ஒன்று வந்தது. ஒரு கொத்து கொத்தியது, மூக்கைச் சுவரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தது, போய்விட்டது. இரண்டாவதும் வந்து அதையே செய்தது. மூன்றாவது பக்கத்திலேயே வரவில்லை.

அப்புறம் தொடங்கியது விசாரணை. "அப்பாவுக்கு எதுலயோ கோவம்" என்றார் பெரியவர். அப்பாவின் அறையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்தது எங்கள் தப்பு என்று தீர்ப்பும் அவரே சொன்னார். என் கணவர் கைகூப்பிக்கொண்டு வெற்றுச் சுவரிடம் மன்னிப்புக் கேட்டார். போன வருடம் படையலுக்கு வராமல் போனதற்குப் பெரியவரும் கேட்டார். மணி இரண்டு. வெயிலில் நான்கு பேர் நின்று ஒரு பறவையைச் சமாதானம் செய்துகொண்டிருந்தோம். அந்தப் பறவைக்கு எங்கள் குடும்பத்துச் சண்டையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, வாய் கசந்தது, அவ்வளவுதான்.

எனக்குச் சந்தேகம் வந்து கீழே போய்க் கூட்டை விரலில் தொட்டு நக்கினேன். தொண்டை வரை இழுத்தது. பாகற்காயின் கசப்பு வேறு மாதிரி. இது நாக்கைப் பிடித்துக்கொண்டு விடாத கசப்பு. மூன்று முறை வாய் கொப்பளித்தும் போகவில்லை.

"சுரக்கா கசக்குதுங்க மாமா, கூட்ட வேணாமுங்க" என்று மேலே வந்து பெரியவரிடம் சொன்னேன்.

"என் தோட்டத்துக் காயா கசக்குது? கடக்காயி தின்னு உன் நாக்கு கெட்டுப்போச்சு. கசப்பு சுகருக்கு மருந்தும்மா. படையல் சோத்துல போயி குத்தம் சொல்லாத."

ஒரு முறை சொன்னேன். இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சட்டியைத் தூக்கிக் கொட்டியிருக்கலாம். மாட்டேன் என்று மனசு முறுக்கிக்கொண்டது. தின்னுங்கள், உங்கள் தோட்டத்துப் பெருமையை நீங்களே தின்னுங்கள் என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன், பூசி மெழுக ஒன்றும் இல்லை.

காக்கை கொத்தியதே போதும் என்று பெரியவரே சொல்லிவிட, இலை போட்டேன். என் கணவரின் இலையில் நான் கூட்டை வைக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார், நான் கண்ணைக் காட்டினேன், குனிந்து ரசத்தை ஊற்றிக்கொண்டார். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு இலையோரம் ஒதுக்கினாள். பெரியவர் முகத்தைச் சுளிக்காமல் தின்றார். அப்பாவுக்காகத் தின்கிறேன் என்று சொல்லி இன்னும் கேட்டார். இரண்டாவது கரண்டியையும் நான்தான் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. பிறகு வயிற்றுப்போக்கு. ஐந்து மணிக்கு வாந்தியில் ரத்தம் வந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது அவர் தலை என் கணவரின் தோளில் துவண்டு கிடந்தது. அறிவுரை சொல்லாத பெரியவரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். செத்துப்போனால் என்ன செய்வேன் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அங்கே இருந்த பெண் டாக்டர், மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். "சாமிக்குப் படைச்ச சோறுங்க, அதுல ஒண்ணும் கொறையில்ல" என்றாள் அக்கா.

"சுரக்கா கூட்டு. ரொம்பக் கசந்துச்சுங்க" என்றேன் நான்.

டாக்டர் சட்டென்று திரும்பினார். சுரைக்காய், வெள்ளரி, பூசணி, சுக்கினி எல்லாம் ஒரே இனம், அதில் எது அப்படிக் கசந்தாலும் அந்தக் கசப்பே விஷம், வேகவைத்தாலும் போகாது, முதல் வாயிலேயே துப்பியிருக்க வேண்டும் என்றார். அந்த மாதிரிக் காய்க்கு நம் ஊரில் பேய்ச்சுரை என்று எப்போதோ பெயர் வைத்திருக்கிறார்கள். இத்தனை வீடியோவில் ஒன்றுகூட அவருக்கு அதைச் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே பெஞ்சில் அக்கா என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே என் கணவர் ஒரு தம்ளர் காப்பியோடு நின்றிருந்தார். அக்கா அவரையே வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரே சட்டிதான? இவருக்கு எப்டி ஒண்ணும் ஆவல?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. வாய் வரவில்லை. "அவருக்கு நான் போடலக்கா" என்றேன்.

அக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

பெரியவர் நான்காம் நாள் வீடு திரும்பினார். அப்பா கோபம் தணிந்து காப்பாற்றினார் என்று இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார். தோட்டத்தையும் விடவில்லை. அக்கா எப்போதும்போல வருகிறாள், சிரித்துப் பேசுகிறாள், பிள்ளைகளை விசாரிக்கிறாள். சாப்பிட உட்கார்ந்ததும் மட்டும் முதலில் பெரியவர் இலையில் கையை வைத்து மறைத்துக்கொண்டு, "நீ இரும்மா, அவருக்கு நானே போட்டுக்கறேன்" என்கிறாள்.