ஒரு பைரைட் மணியின் நடுவும் விளிம்பும்

ஹவுராவில் இறங்கியபோது காலை ஆறரை மணி. சென்னையிலிருந்து ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், இரண்டு இரவுகள். துணிப்பையில் டப்பா டப்பாவாகக் கல்பொடியும், காகிதத்தில் சுற்றிய ஒரு முழுத் தாதுக்கல்லும் இருந்தன. 1982, ஆனிக் கடைசி. தூறலில் டிராம் ஏறி, முப்பது காசில் பாலத்தைக் கடந்தேன்.

கல், தென்னார்க்காட்டின் ஒரு மானாவாரிக் கிராமத்தில் எடுத்தது. அங்கே துத்தநாகம் இருக்கிறது. பழங்கடலின் சேற்றோடு அது படிந்திருந்தால், பாறை அடுக்கு செல்லும் தூரமெல்லாம் வயல்களுக்கடியில் தொடரும். சுரங்கம் தோண்ட அந்த வயல்களை அரசு எடுக்கும். பின்னாளில் சுடுநீர் பிளவுகளில் கொண்டுவந்து விட்டிருந்தால், சிறு கீற்றோடு முடிந்துவிடும். ஆனால் அந்தப் பாறை பூமியின் ஆழத்தில் வெந்து, மடிந்து, உருமாறிவிட்டது. கண்ணால் பார்த்து அதன் பிறப்பைச் சொல்ல முடியாது. தாதுவோடு மினுங்கும் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமத்தில் நுண்ணளவில் கலந்த உலோகங்கள் காட்டிக்கொடுக்கும் என்று படித்திருந்தேன்: நிக்கல் மிகுந்தால் கடற்சேறு, கோபால்ட் மிகுந்தால் சுடுநீர்.

நிலவியல் துறையில் என் அறிக்கை இல்லாமல் கோப்பு நகராது. அதை எதிர்பார்த்து முருகேசன் என்ற விவசாயி கடலை விதைக்காமல் காத்திருந்தார். சுரங்கம் வந்தால் அவர் நிலம் போகும். அவர் மகனுக்கு வேலை கிடைக்கவும் கூடும். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. கல்லே தீர்மானிக்கட்டும் என்றுதான் புறப்பட்டு வந்தேன்.

லேக் மார்க்கெட் அருகே, துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன் சங்கரண்ணன் வீட்டில் தங்கினேன். பையைத் தூக்கிப் பார்த்தவர் அண்ணியைக் கூப்பிட்டார்.

“இந்த ஊர்ல எங்க தோண்டினாலும் சேறுதான் வரும்னு பாவப்பட்டு, திருநவேலிக்காரி கல்லு கொண்டாந்திருக்கா பாரு.”

பதினொரு மணிக்கு ஆய்வுக்கூடம். நுண்ணளவு உலோகங்களை அளக்கும் கருவியை இயக்கும் ஆராய்ச்சி மாணவி கல்யாணி இங்கேயே பிறந்த தமிழ்ப்பெண்; வங்காளம்தான் அவளுக்குச் சரளம், அக்கா என்பதைக்கூடத் தீதி என்பாள். டப்பாவைத் திறந்தவள் முகம் சுளித்தாள்.

“தீதி, இதை எதுக்கு அரைச்சீங்க? ஒரு பைரைட் மணியோட நடுவும் ஓரமும் மிக்ஸ் ஆயிடுச்சே.”

இரும்பு உரலில் இரண்டு மாதம் இடித்த பொடி அது. சென்னையில் அளந்தபோது அதன் சராசரியில் கோபால்ட்டும் நிக்கலும் ஏறத்தாழச் சமமாக வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. நல்லவேளையாக முழுக்கல் மிஞ்சியிருந்தது. அதை அறுத்து, மெருகேற்றி, மறுநாள் கருவிக்குள் வைத்தாள். எலக்ட்ரான் கற்றை ஒரே மணியைப் புள்ளி புள்ளியாகத் தொட்டது. முதலில் உருவான நடுவில் நிக்கல் மிகுதி. விளிம்பில் கோபால்ட் மிகுதி.

விளிம்பைச் சுடுநீர் மாற்றியதா என்று கேட்டேன். இருக்கலாம், பாறை வெந்தபோது தானாகவே மாறியிருக்கவும் கூடும் என்றாள். போகட்டும், நடுப்பகுதியாவது கடற்சேறுதானே என்று விடாமல் கேட்டேன்.

“பைரைட் சேத்துல பொறந்துது, சரி. உங்க துத்தநாகமும் அங்கயே பொறந்துதுன்னு யார் சொன்னா?”

துத்தநாகத் தாதுவை அளக்கத் தொடங்கும்போது மின்சாரம் போயிற்று. லோட் ஷெடிங். கருவி மீண்டும் நிலைக்கு வர நெடுநேரமாகும்; வரிசையில் பிறர் காத்திருந்தார்கள். என் கல்லுக்கு அடுத்த முறை தை மாதத்தில்தான்.

அன்றிரவு நடந்ததைக் கேட்ட சங்கரண்ணன் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: “தெரியலன்னு எழுதவா ஆபீஸ்ல டிக்கெட் எடுத்துக் குடுத்தான்? உண்டுன்னோ இல்லன்னோ ஒண்ணு எழுதிப் போடுட்டி.”

தெரியவில்லை என்று எழுதுவது எனக்கு எளிது. விதைக்கடலையை உரிப்பதா வேண்டாமா என்று நிற்கும் முருகேசன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

மறுநாள் மாலை ரயிலுக்குக் காத்திருக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல் தைக்கு முன் பேசாது. ஆடியில் விதைக்கும் கடலையை அதற்குள் பறித்துவிடலாம். நிலையத்தின் தந்தி முகப்புக்குச் சென்று, முருகேசன் பெயருக்கு ‘விதைக்கலாம்’ என்ற ஒற்றைச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதானா என்று வங்காள எழுத்தர் கேட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றேன்.