மூணு படி விதைக்கடலை

ஆறாம் வகுப்பு முடிந்த லீவில் நான் பெரிய செஃப். அப்படி நினைத்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான் என்பது வேறு விஷயம். அப்பாவின் போனில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் பழத்தைத் துண்டு போட்டு, ஓட்ஸையும் கொட்டைகளையும் வெண்ணெயில் பிசிறி மேலே தூவி, ஓவனில் வைத்து மொறுமொறுவென்று எடுத்தார். பெயர் கிரிஸ்ப். இண்டூர்ப் பக்கம் எங்கள் ஊரில் யாரும் கேள்விப்படாத பெயர். அது போதாதா எனக்கு?

பழத்துக்குப் பஞ்சமில்லை, வீடு முழுக்கச் செந்தூரா மாம்பழம். ஓட்ஸும் இருந்தது. சர்க்கரை வியாதிக்காக டாக்டர் தின்னச் சொல்லி, அப்பா ஒரே ஒரு நாள் தின்றுவிட்டு "மாட்டுக்கு வையி" என்று தள்ளிவிட்ட பாக்கெட். ஓவன் கிடையாது. பழைய குக்கரில் மணலைக் கொட்டி, விசிலைக் கழற்றிவிட்டு, உள்ளே கிண்ணத்தை இறக்கினால் அதுவே ஓவன். பாதாமுக்கு எங்கே போவது? கடலை போதும். சமையலறை டப்பா காலி. உள்ளறை மூலையில் ஒரு சாக்கு இருந்தது. மழை பெய்ததும் விதைக்க உரித்து வைத்திருந்த விதைக்கடலை.

விதைக்கடலையை மெஷினில் உடைக்க மாட்டார்கள். தோல் பிய்ந்தால் முளைக்காது. கையால்தான் உரிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அத்தையின் வேலை. அத்தை அப்பாவின் தங்கை. கம்பைநல்லூரில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து தை மாதம் ஒரு பையோடு வந்தவர், திரும்பிப் போகவில்லை. மாமா போன் செய்தால் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார். ஏன் என்று நானும் கேட்டதில்லை.

பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டு நாளெல்லாம் உரிப்பார். அம்மா அவருக்குக் கேட்கிற மாதிரி என்னிடம் சொல்வார்: "உரிக்கறதவிட மெல்லறதுதான் ஜாஸ்தி நடக்குது போல."

"ஒண்ணு ரெண்டு வாயில போட்டாத்தான் கை ஓடுதுங்க அண்ணி," என்று அத்தை சிரிப்பார்.

என் முதல் கிரிஸ்ப் கரியானது. இரண்டாவது கல்லானது. இரண்டையும் எருக்குழியில் புதைத்தேன். ஒவ்வொரு தடவையும் படியால் தாராளமாக அள்ளி, சாக்கில் விழுந்த பள்ளத்தைத் தட்டி நிரவிவிட்டேன். மூன்றாவது, சத்தியமாகச் சொல்கிறேன், சூப்பராக வந்தது.

"மேல மொறுமொறுன்னு என்னாடி இது?" என்றார் அப்பா.

"ஓட்ஸுப்பா."

"இதையா மாட்டுக்கு வெக்கச் சொன்னேன்? இன்னும் கொஞ்சம் வையி."

"கடல வாசன அடிக்குதே?" என்றார் அம்மா.

"பொட்டுக்கடலம்மா." கண்கூட இமைக்கவில்லை.

அத்தை ஒரு வாய் மென்றார். என்னைப் பார்த்தார். "நல்லாருக்கு பாப்பா," என்றார்.

நாலாம் நாள் மழை. மறுநாளே ஏர் பூட்டியாயிற்று. அம்மாவும் அத்தையும் ஏருக்குப் பின்னால் சாலில் விதை போட்டுக்கொண்டே போனார்கள். கடைசி எட்டுச் சால் இருக்கும்போது கூடை காலி. ஈரம் காய்வதற்குள் வேறு விதை தேடிப் பிடித்து உரிப்பது நடக்காத காரியம்.

"அளந்துதான் உரிக்கக் குடுத்தேன். மூணு படி கொறையுது," என்றார் அம்மா அப்பாவிடம். "எங்க போச்சுன்னு உங்க தங்கச்சியக் கேளுங்க."

"வுடு. போனது போவுது."

"எப்பிடி வுடறது? சோறு போடலாம். வெதையத் திங்கறவங்கள வூட்ல வெச்சுக்க முடியுமா?"

அத்தை சேற்றுக் கையோடு நின்றார். "உரிக்கறப்ப நான்தான் தின்னுட்டேன் போலருக்குதுங்க அண்ணி," என்றார்.

மூணு படி! மாடுகூட அவ்வளவு தின்றால் வயிறு உப்பிச் சாகும். அங்கே யாருக்கும் அது தோன்றவில்லை, அல்லது தோன்ற வேண்டிய அவசியம் இல்லை. இன்று காலேஜில் எவன் வாயைத் திறந்தாலும் அடைக்கிறவள் நான். அன்று வரப்பில் நின்ற எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பெரிய காரணமெல்லாம் கிடையாது. சொன்னால் போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். அவ்வளவுதான். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

அப்பா மாமாவுக்குப் போன் போட்டார். மூன்றாம் நாள் காலை, அத்தையின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனது நான்தான். பஸ் லேட். அடுத்து பலாச்சுளையில் கிரிஸ்ப் செய்யப் போகிறேன், வீடியோ எடுத்துப் போடப் போகிறேன் என்று நான் அளந்துகொண்டிருந்தேன்.

"கடலையப் பச்சையா அரைச்சுப் போடாத பாப்பா," என்றார் அத்தை. "வறுத்து, தோல ஊதிட்டு, ஒண்ணும் பாதியுமாத் தட்டிப் போடு. இன்னும் நல்லா வரும்."

"சரிங்கத்த."

போட்டது பச்சைக் கடலை என்று நான் யாரிடமும் சொல்லவில்லையே என்பது அப்போது உறைக்கவில்லை. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய் உண்மையைச் சொல்ல, வீடு இரண்டே நிமிட நடைதான். அப்பாவும் அன்று வீட்டில்தான் இருந்தார். அத்தைக்கு என்னைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் வந்தது. கூட்டத்திலும் அவருக்கு ஜன்னலோர சீட்டு கிடைத்தது. பரவாயில்லையே, அத்தைக்கு லக்குதான் என்று சந்தோஷமாக டாட்டா காட்டினேன்.