எல்லைக்கோடும் என் கறுப்புக் கண்ணாடியும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் என்னை ஏமாற்றிய வியாபாரி மன்னாரில் இன்னும் இல்லை. பழைய வள்ளம் ஒன்றில் தொடங்கி இன்று நான்கு வள்ளங்களுக்கு முதலாளியாக, சம்மாட்டியாக இருக்கிறேன் என்றால், எதையும் நம்பி வாங்காததுதான் காரணம்.

என் வள்ளம் ஒன்றை ஓட்டுபவர் என் மகளின் புருஷன். கைபேசியில் கடல் வரைபடம் பார்த்துத்தான் ஓடுவார். நடுப்பகலில் அதில் அவருடைய முகமும் வானமும்தான் தெரியும். இந்தியக் கடலெல்லை எங்கே என்று தெரியாமல் ஓடினால் வள்ளமும் போய்விடும், ஆளும் பிடிபட்டு மறியலில், சிறையில் கிடக்க வேண்டியதுதான். அதனால் வெயிலிலும் தெரியும் ஜிபிஎஸ் பெட்டி ஒன்று வாங்கப் போனோம்.

பட்டினத்தில் கடை வைத்திருப்பவர் எருக்கலம்பிட்டிக்காரர். மருமகனோடு பந்து விளையாடியவராம். எனக்கு அப்போதே சந்தேகம் பிடித்துவிட்டது. கடைக்குள்ளே எந்தத் திரையும் மின்னத்தான் செய்யும்.

“வெளியில கொண்டு வாரும்,” என்றேன்.

“ஐயா, வெயில் கொளுத்துது.”

“அதுக்குத்தான் கேக்கிறன்.”

தெருவோரம் ஒரு பீப்பாவின் மேல் இரண்டு பெட்டிகளை வைக்கச் சொன்னேன். நிழலில் இருந்து வந்த கண் கூசியது. அது அடங்கும்வரை நின்றுவிட்டுப் பார்த்தேன். மலிவான பெட்டி வெளிறிப்போய்க் கிடந்தது. மற்றதில் கரை, பாறை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் எல்லைக்கோடு, மயிர் போன்ற அந்தக் கோடு, நான் குனிந்ததும் மறைந்தது. நான் போட்டிருந்த வெள்ளைச் சேட்டின் பிம்பம் திரையில் விழுந்திருந்தது. விலகி நின்றேன், கோடு வந்தது. திரைக்கு வெளிச்சம் இருந்தால் மட்டும் போதாது, எதிரே வெள்ளையும் நிற்கக்கூடாது. இதை நானே கண்டுபிடித்தேன். கடைக்காரர் ஏன் சொல்லவில்லை?

அந்த நல்ல பெட்டிக்குக் காசு கொடுத்தேன். பூட்ட வரும்போது மாற்றிவிடுவார்களோ என்று அதன் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

பெட்டியை வள்ளத்தில் பூட்டிய அன்றே நானும் கடலுக்குப் போனேன். வள்ளத்துச் சாமான் பெட்டியில் என் கறுப்புக் கண்ணாடி இருக்கும். ஊருக்குள் அதைப் போட்டால் சிரிப்பார்கள்; கடலுக்கு மட்டும்தான். போட்டால் தண்ணீரின் பளபளப்பு அறுந்து, அடியில் கிடக்கும் பாறை தெரியும். வெயில் ஏறியதும் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தேன். ஒரே கறுப்பு.

அடியைத் தடவினேன். என் கீறல் அங்கேதான் இருந்தது. அப்படியென்றால் பெட்டி மாறவில்லை.

“தம்பி, இது செத்துப்போச்சு.”

“இல்லை மாமா, வடிவாத் தெரியுது. கோடு கிட்டுது, திருப்பப் போறன்.”

“கூட்டாளியின்ர சாமான் எண்டு பொய் சொல்லாதையும்!”

“சத்தியமாத் தெரியுது மாமா.”

“எஞ்சின் பிடிய விடும். கரையில இறங்கினதும் வேற வேலை பாரும்.”

அவர் எழுந்து வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் போய் இருந்தார். நான் பிடியை எடுத்து அதே போக்கில் ஓட்டினேன்.

“கோடு, மாமா!” என்று அங்கிருந்தும் கத்தினார். நான் காது கொடுக்கவில்லை.

காலில் சிக்கிய கயிற்றை எடுக்கப் பக்கமாகச் சரிந்தேன். திரையில் படம் வந்தது. நிமிர்ந்தேன், கறுத்தது. மறுபடி சரிந்தேன், வந்தது.

“தலை சுத்துதோ மாமா?”

கண்ணாடியைக் கழற்றினேன். திரை பளிச்சென்று இருந்தது. நாங்கள் கோட்டோடு ஒட்டி நின்றோம். எஞ்சின் பிடியை ஒடித்து வள்ளத்தைத் திருப்பினேன். திரும்பும் வழி முழுக்க அவர் என்னைப் பார்க்கவில்லை.

கரையில் கடைக்காரர் நின்றார், பெட்டி எப்படி என்று கேட்க வந்தவர். நடந்ததைச் சொன்னதும் வள்ளத்தில் ஏறி, கண்ணாடியை வாங்கித் திரைக்கு முன்னால் பிடித்து மெல்லச் சுற்றிக் காட்டினார். ஒரு வாக்கில் தெரிந்தது, மறு வாக்கில் இருண்டது.

“தண்ணி மினுக்கத்த வெட்டுற கண்ணாடி ஐயா. இந்தத் திரையின்ட வெளிச்சத்தையும் வெட்டிப்போடும்.”

“முதலே சொல்லியிருக்கலாமே?”

“கடைக்கு நீங்க கண்ணாடி போட்டு வரல்லையே, ஐயா.”

மருமகன் தன் பையை எடுத்துக்கொண்டு மணலில் நடந்துகொண்டிருந்தார். வேறு வேலை பார்க்கச் சொன்னவன் நான்தானே. கரையில் நின்ற அத்தனை பேருக்கு முன்னால் அவரைக் கூப்பிட்டேன்.

“தம்பி, நாளைக்கு நீர்தான் ஓட்டவேணும். பிழை என்ர கண்ணாடியில.”

அவர் திரும்பினார். “கண்ணாடியில மட்டுமோ மாமா?”

“என்னிலயும்தான்,” என்றேன்.

பையைத் திரும்பவும் வள்ளத்துக்குள் வைத்தார்.

இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் திரையைப் பார்க்கிறேன். பெட்டியின் அடியில் அந்தக் கீறல் இருக்கிறதா என்று மட்டும் இடைக்கிடை தடவிப் பார்ப்பேன்.