பதினான்கு பேர்

பொன்னேரி சந்தைக்கு எதிரே நின்றிருந்த எங்கள் வேனில், கடைசி இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு கைப்பேசி ஒலித்தது. அழைத்தது நான்தான். பழவேற்காட்டில் விட்டுவிட்டு வந்த மனிதரைக் கூப்பிட்டால் மணி எங்கள் காலடியிலேயே அடிக்கிறது. பையை இழுத்துப் பார்த்தோம். ஒரு துண்டு, கழுவிக் கவிழ்த்த டிபன் டப்பா, அதன்மேல் கைப்பேசி. அழைப்பை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது.

எங்களுடையது சென்னையிலிருந்து ஞாயிறுதோறும் கிளம்பும் நடைக்குழு. விடிவதற்குள் வேன் ஏறி, இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஏதாவது ஒரு குன்றிலோ ஏரிக்கரையிலோ கடலோரத்திலோ நடந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவோம். நடக்கும் ஆசையில் நான் சேரவில்லை. விவாகரத்துக்குப் பிறகு பெரம்பூரில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறேன். சனிக்கிழமை அலுவலகம் முடிந்தால் திங்கள் காலைவரை நான் வாயைத் திறப்பது பால் போடுபவரிடம் மட்டும்தான், அதுவும் ‘ஒரு பாக்கெட்’ என்று சொல்வதற்கு. ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று தெரியாமல்தான் ஷூ வாங்கினேன்.

நாங்கள் விட்டுவிட்டு வந்த அந்த மனிதரும் அப்படித்தான் குழுவுக்கு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும், கண்ணாடி, கட்டம் போட்ட சட்டை. மூன்று வருடமாக ஒரு நடைகூடத் தவறாமல் வரிசையின் கடைசியில் நடந்தார். எங்கள் குழுவில் கடைசியாக நடப்பது ஒரு பொறுப்பு. செருப்பு அறுந்தவர், படம் எடுக்க நின்றுவிட்டவர், மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டு செடியைப் பார்ப்பதுபோல் நிற்பவர், எல்லோரையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்க்க வேண்டும். முறை வைத்துச் செய்ய வேண்டிய வேலைதான். அவர் ஒருவரே செய்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. ‘கடைசி சார்’ என்று கூப்பிட்டோம். என் கைப்பேசியிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். திரும்பும்போது வேன் கதவருகே நின்று தலைகளை எண்ணி, தன்னையும் சேர்த்துக்கொண்டு, ‘சரியா இருக்கு’ என்பார். அதன் பிறகுதான் வண்டி நகரும்.

அன்று கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் வேனை நிறுத்திவிட்டு, கடலோரமாக முகத்துவாரம்வரை நடந்தோம். திரும்பும்போது நான் பின்தங்கிவிட்டேன். வழிநெடுக அவரிடம் வீட்டுக்காரர் வாடகை ஏற்றியது, அம்மா என்னோடு பேசாமல் இருப்பது என்று என் புலம்பலையே கொட்டினேன். ‘ம்’ கொட்டிக்கொண்டே வந்தார். வேனில் ஏறிய பிறகு, தண்ணீர் பாட்டிலைச் சவுக்கு நிழலில் விட்டுவிட்டேன் போல என்று பொதுவாகச் சொன்னேன். யாரையும் எடுத்து வரச் சொல்லவில்லை. அவர் பையை வைத்துவிட்டு இறங்கிப் போனதை நான் கவனிக்கவில்லை. அந்த நேரம் மீன் கூடையோடு ஒரு பெண் வந்து, பொன்னேரிவரை ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். ஏற்றிக்கொண்டோம். எல்லோருக்கும் பசி. ஓட்டுநர் சரியா என்று கேட்டார். வழக்கமான குரல் வராததால் நான் எழுந்து எண்ணினேன். பதினான்கு. காலையில் கிளம்பியதும் பதினான்குதான். ‘சரியா இருக்கு’ என்றேன்.

பொன்னேரியில் அந்தப் பெண் இறங்கியதும் ஓர் இருக்கை காலியாயிற்று. யாரோ குறைகிறார்கள் என்று புரியக் கொஞ்ச நேரமும், அது யார் என்று புரிய இன்னும் கொஞ்ச நேரமும் ஆயிற்று. பிறகுதான் நான் அழைத்ததும் மணி காலடியில் அடித்ததும்.

நாங்கள் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது, வேன் நின்ற இடத்தில் ஒரு அம்மா இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த ஒருவர், கண்ணாடி போட்டவர், இங்கே இருந்தாரா என்று கேட்டேன்.

“பேரு இன்னா?”

சார் என்றுதான் கூப்பிடுவோம் என்றேன்.

“பேரக் கேட்டேம்மா.”

கண்ணாடி, கட்டம் போட்ட சட்டை என்று மறுபடியும் அடையாளம்தான் சொன்னேன். அந்த அம்மா வலைக் கொட்டகைப் பக்கம் திரும்பி, ஒரு பெயரைச் சொல்லி, அண்ணா என்றும் சேர்த்துக் கூப்பிட்டார். கொட்டகைக்குள்ளிருந்து எங்கள் கடைசி சார் எழுந்து வந்தார். ஒன்றரை மணி நேரத்தில் அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்ட பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எண்ணியதில் தவறு நேர்ந்துவிட்டது என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை.

“ஐஸ் பொட்டிய எண்ணுவோம். ஆள எண்ண மாட்டோம்மா, ஆகாது. படகு எடுக்கசொல்ல ஒவ்வொருத்தரா பேரச் சொல்லிக் கூப்புடுவோம். பதிலு வந்தாதான் எடுப்போம்.”

கடைசி சார் என்னிடம் என் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மணலில் சாய்ந்து கிடந்ததாம். கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரையும் ஏற்றிவிட்டு, கடைசியாக ஏறி, “சரியா இருக்கு” என்றார். மன்னிப்புக் கேட்க நினைத்து, கேட்காமலேயே வீடு வந்து சேர்ந்தேன்.

அதன் பிறகு இரண்டு ஞாயிறு வந்தார். பெயர் தெரிந்த பிறகும் நாங்கள் சார் என்றே கூப்பிட்டோம். பெயரைச் சொன்னால் அந்த நாளை நினைவூட்டுவது போலாகிவிடும் என்று கூச்சம். பிறகு ஒரு காலை, குழுவிலிருந்து அவர் வெளியேறிவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே யாரோ அடுத்த நடைக்குத் தொப்பி அவசியம் என்று போட்டிருந்தார்கள். அவரை அழைக்க எத்தனையோ முறை கைப்பேசியை எடுத்தேன், எடுத்து வைத்துவிட்டேன். இப்போது கடைசியாக நடப்பவர் யாருமில்லை. எல்லோரும் முன்னால் போய்விடுவார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு நான் குழுவோடு போகவில்லை. அழைக்கத் துணியாத எனக்கு, அவரைப் பற்றி விசாரிக்கத் தெரிந்த இடம் அந்தக் குப்பம் ஒன்றுதான். பொன்னேரிவரை ரயில், அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ், மீதித் தூரம் ஷேர் ஆட்டோ. அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். அண்ணன் ஞாயிறானால் வந்துவிடுகிறார் என்றும், தன் கணவரோடு உட்கார்ந்து வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பார் என்றும் சொன்னார். “அவரு வாயத் தொறந்தா மூட மாட்டாரும்மா,” என்று சிரித்தார். அந்த மனிதர் அவ்வளவு பேசுவார் என்பதே எனக்குப் புதிது.

கடலோரத்தில் அவர் தூரத்தில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். வேகமாக நடந்து, குரல் எட்டும் தூரத்துக்கு வந்ததும், முதல் முறையாக அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நின்றார், திரும்பினார், சிரித்துக்கொண்டே என்னை நோக்கி வந்தார். தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அதெல்லாம் விடுங்க என்று கையை ஆட்டினார். பிறகு தரையைப் பார்த்தார். ரொம்பவும் சங்கடப்படுகிறார் என்று தெரிந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க. மூணு வருஷமா கேக்கணும், கேக்கணும்னு விட்டுப்போச்சு. உங்க பேரு என்னங்க?”

சொன்னேன். காற்றில் கேட்கவில்லை என்றார். இன்னொரு முறை, உரக்கச் சொன்னேன்.